ரோமா கேப்டன் மூன்றாம் டிவிஷனில் ஆடினாரா? யார் இந்த டி பார்டோலோமி?

இத்தாலி கால்பந்தில் சீரி ஏ, சீரி பி-க்கு அடுத்த படிதான் சீரி சி. கோப்பை வென்ற கேப்டன்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் அங்கே இறங்கி ஆடியவர் அகோஸ்டினோ டி பார்டோலோமி.

1955-ல் ரோமில் பிறந்தவர். ஓட்டம் கொஞ்சம் மெதுவுதான். ஆனா ஃப்ரீ கிக் அடித்தால் இடி மாதிரி இருக்கும். 41 வருஷம் காத்திருந்த ரோமாவுக்கு 1983-ல் சீரி ஏ பட்டம் கிடைத்தபோது கேப்டன் அவர்தான்.

1984 மே 30. ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி, அதுவும் சொந்த மைதானத்தில். லிவர்பூலிடம் பெனால்டியில் ரோமா தோற்றது. தன் பெனால்டியை அவர் கோலாக்கினார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோடையிலேயே கோச் லீட்ஹோமோடு மிலனுக்குப் போனார். பிறகு செசேனா.

1988-ல் 33 வயசு. கூப்பிட்டது தெற்கு இத்தாலியின் துறைமுக நகரமான சலெர்னோவின் அணி, சலெர்னிடானா. ஆடிக்கொண்டிருந்தது சீரி சி1-ல். மூன்றாம் டிவிஷனுக்கு அப்போது அதுதான் பெயர். சீரி பி-யைப் பார்த்தே 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டே சீசன். 1990-ல் அணியை மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

அதன்பின் பக்கத்துக் கடற்கரை ஊரான காஸ்டெல்லாபாத்தேவில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். பெரிய கிளப்பில் ஒரு வேலை கிடைக்கும் என எதிர்பார்த்தார். அழைப்பு வரவே இல்லை.

1994 மே 30-ல், 39 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இறுதிப்போட்டி முடிந்து சரியாக 10 வருஷம். அந்தத் தோல்விதான் காரணம் என்று தேதியை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு மனிதரின் முடிவை ஒரு மேட்சுக்குள் அடக்கிவிட முடியாது.

ரோமாவின் ட்ரிகோரியா பயிற்சி வளாகத்தில் ஒரு களத்துக்கு இப்போது அவர் பெயர்.