செவி இழந்தும் இசை தந்த பீத்தோவன்

மேனாட்டு இசை வரலாற்றில் செவ்வியல் காலத்தையும் புனைவியல் காலத்தையும் இணைத்த பெருமகனாகப் பீத்தோவனைப் போற்றுகிறோம். ஜெர்மனியின் பான் நகரில் 1770ஆம் ஆண்டு பிறந்த அவர், 1792இல் வியன்னா சென்று ஹைடனிடம் பயின்றார்.

அக்காலத்தில் இசையை இயற்றியவரே அதனை அரங்கில் வாசிப்பதும் வழக்கம். வாத்தியக் குழு ஓய்ந்து நிற்க, பியானோ வாசிப்பவர் எழுதிவைக்காத இசையைத் தம் கற்பனையால் விரித்து வாசிப்பார். இம்மனோதர்ம வாசிப்பில் பீத்தோவன் வியன்னாவையே வியக்க வைத்தார்.

முப்பது வயதை எட்டுமுன்பே அவர்தம் செவித்திறன் குறையத் தொடங்கியது. 1802இல் உயிர்துறக்கவும் எண்ணினார். கலையே அவரைத் தடுத்தாட்கொண்டது. நான்காம் பியானோ கான்செர்ட்டோவை 1808இல் தாமே அரங்கில் வாசித்தார். 1809இல் இயற்றிய ஐந்தாவதையோ பிறரே அரங்கேற்ற நேர்ந்தது. அதன் முதற்பகுதியில், வாசிப்பவர் தம் கற்பனையைச் சேர்க்கலாகாது எனக் குறித்து, அவ்விடத்திற்குரிய இசையையும் தாமே எழுதிவைத்தார். 1817இல் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் கருவிவழிக் காலப்பிரமாண எண்களை வெளியிட்டார். கைகளால் காட்ட இயலாததை ஏட்டில் எழுதிக் காத்தார். எழுதியவாறே வாசித்தல் வேண்டும் என்னும் பிற்கால மரபு வலுப்பெற இதுவும் துணைநின்றது.

1824 மே 7ஆம் நாள் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. அவையோரின் ஆரவாரம் அவர் செவியில் விழவில்லை. பாடகி ஒருவர் அவரை அவைநோக்கித் திருப்பிய பின்னரே கண்ணால் கண்டார். 1827இல் மறைந்தார்.

உறுப்பின் குறை உழைப்பைத் தடுக்காது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இறைவன் அருளிய ஐம்புலனும் குறைவின்றிப் பெற்ற நாம் ஆற்றியது எவ்வளவு என எண்ணிப் பார்ப்போமாக.