தாயாகவே வாழ்ந்த கஸ்தூரிபா

புனே நகரின் ஆகாகான் மாளிகைத் தோட்டத்தில் இரண்டு சமாதிகள் உள்ளன. ஒன்று காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயினுடையது. மற்றொன்று அன்னை கஸ்தூரிபாவினுடையது. மகாத்மாவின் துணைவியார் என்று உலகம் போற்றும் அந்த அம்மையார், கடைசி மூச்சு வரை ஒரு தாயாகவே வாழ்ந்தவர்.

1869-ல் போர்பந்தரில் வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே மோகன்தாசுக்கு வாழ்க்கைப்பட்டார். முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்தது. பின்னர் ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் என நான்கு புதல்வர்கள் பிறந்தனர்.

1901-ல் குடும்பம் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது, அங்குள்ள இந்தியர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசளித்தனர். அம்மையாருக்கென்றே 50 கினி மதிப்புள்ள தங்கச் சங்கிலி ஒன்றும் வந்தது. வரப்போகும் மருமகள்களுக்கு ஆகுமென்று அவர் கண்ணீருடன் வாதாடினார். கணவரோ அனைத்தையும் பொதுநிதிக்கே எழுதி வைத்தார்.

மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்று வாழ்ந்த காலத்தில், 1913-ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி என்ற உரிமையே பறிபோனதைப் பொறாத அம்மையார் சத்தியாக்கிரகத்தில் இறங்கி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவர் இருந்த மாரிட்ஸ்பர்க் சிறையில் தமிழ்ப் பெண்களும் அடைபட்டிருந்தனர். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மையும் அச்சிறைக்குச் சென்றவரே. நோயுடன் விடுதலையான அந்த இளம்பெண் 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தார்.

அன்னையின் தீராத துயரம் மூத்த மகன்தான். தந்தையுடன் மனம் வேறுபட்டுப் பிரிந்த ஹரிலால் குடிப்பழக்கத்திற்கு ஆளானார். 1918-ல் அவருடைய மனைவி இறந்தபோது, தாயை இழந்த பேரக்குழந்தைகளைப் பாட்டியே அரவணைத்தார். 1933-ல் ராஜாஜியின் புதல்வி லட்சுமி தேவதாசை மணந்து, தமிழ்நாட்டு மருமகளாக அக்குடும்பத்தில் புகுந்தார். அத்திருமணம் நடந்ததும் புனேயில்தான்.

1942 ஆகஸ்ட் 9-ல் பம்பாயில் காந்தியடிகள் கைதானார். அன்று மாலை சிவாஜி பார்க் கூட்டத்தில் அவருக்குப் பதிலாகப் பேசப் புறப்பட்ட அம்மையாரும் கைதாகி, பின்னர் ஆகாகான் மாளிகைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே உடல்நலம் குன்றியது. மரணப் படுக்கையில் அவர் காண ஏங்கியது ஹரிலாலைத்தான். மகன் வந்தார், ஆனால் குடிபோதையில் வந்தார். அந்தக் கோலத்தைக் கண்ட தாய் நெற்றியில் அறைந்துகொண்டு அழுதார்.

மறுநாள், 1944 பிப்ரவரி 22, மகாசிவராத்திரி தினம். கணவரின் மடியிலேயே அன்னையின் ஆவி பிரிந்தது. வள்ளியம்மை மறைந்து சரியாக 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்த புடவையே அவருடைய இறுதி ஆடையாயிற்று.

அவர் நினைவாக நாட்டு மக்கள் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நிதி திரட்டினர். அது கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆயிற்று. மருமகள்களுக்கென ஒரு சங்கிலியைக் காக்க முடியாமல் போன அன்னையின் பெயரால், முகம் அறியாத எத்தனையோ மகள்கள் பயன் பெற்றனர்.