நரம்பின் தூதை அறிந்த ஒட்டோ லோவி

ஒரு நரம்புக்கலம் முடிகின்ற இடத்திலே மற்றொன்று தொடங்குகின்றது. இரண்டிற்கும் நடுவே கண்ணுக்குப் புலனாகாத சிறு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கின்றது? மின்பொறி போலப் பாய்கின்றது என்றே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை இரண்டு தவளை இருதயங்களைக் கொண்டு அசைத்தவரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகின்றோம்.

ஒட்டோ லோவி 1873ஆம் ஆண்டு ஜூன் 3ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்க்போட் நகரிலே, யூத மது வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கலை வரலாற்றைக் கற்கவே அவர் ஆசைப்பட்டார். வீட்டாரோ வைத்தியராகவேண்டும் என்றனர். (இக்கதை எம்மவர்க்குப் புதிதன்று.) 1896இல் வைத்தியப் பட்டம் பெற்று வைத்தியசாலையிற் பணிபுரிந்தபொழுது, காசநோயாளர் தக்க மருந்தின்றி மடிவதைக் கண்டு மனம் நொந்து, மருந்தியல் ஆராய்ச்சியிற் புகுந்தார். 1909இல் ஒஸ்திரியாவின் கிராஸ் சர்வகலாசாலையிலே பேராசிரியரானார்.

கனவிற் கண்டதெல்லாம் மெய்யென்பாரும் பொய்யென்பாரும் நம்மிடையே உளர். லோவிக்கு நேர்ந்தது வேறு. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய ஓர் இரவு அவர் விழித்தெழுந்து, மனத்திற் பட்டதை ஒரு சிறு தாளிற் கிறுக்கிவிட்டு மறுபடி உறங்கினார். காலையில் அக்கிறுக்கலை அவராலேயே வாசிக்க முடியவில்லை! மறுநாள் இரவு மூன்று மணியளவில் அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை தாளை நம்பாது நேரே ஆய்வுகூடத்திற்கு நடந்தார்.

தவளையின் இருதயம் உடலினின்று நீக்கப்பட்ட பின்னும் தகுந்த உவர்க்கரைசலிலே துடித்துக்கொண்டிருக்கும். லோவி அத்தகைய இரண்டை எடுத்தார். ஒன்றிலே வேகஸ் நரம்பை விட்டுவைத்தார். மற்றதில் நரம்பை நீக்கிவிட்டார். முதலாவதன் நரம்பை மின்னால் தூண்டத் துடிப்புத் தளர்ந்தது. அதனுள்ளிருந்த கரைசலை எடுத்து இரண்டாவதனுள் விட்டார். நரம்பே இல்லாத அவ்விருதயமும் தளர்ந்தது! விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டியபின் எடுத்த கரைசலோ துடிப்பை விரைவாக்கியது. ஆகவே நரம்பின் முனை ஏதோ ஓர் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றது என்பது தெளிவாயிற்று. இது 1921இல் வெளியாயிற்று.

பகலிலே அமர்ந்து ஆராய்ந்திருந்தால் இச்சோதனையைச் செய்யாமலே விட்டிருப்பார். இதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். சுரக்கும் சிறு அளவு கரைசலிற் கலக்குமளவுக்கு மிஞ்சாது என்றே அறிவு கூறியிருக்கும். சிலர் இச்சோதனையைத் திரும்பச் செய்து தோல்வியுற்றுச் சந்தேகித்தனர். 1926இல் ஸ்ரொக்ஹோம் மகாநாட்டிலே லோவி அறிஞர் முன்னிலையில் 18 முறை அதனைச் செய்து காட்டினார். கனவைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

அப்பொருள் அசற்றைல்கோலீன் என்பது பின்னர் உறுதியாயிற்று. அதனை விரைவில் அழிக்கும் நொதியம் ஒன்றும் இருப்பதை லோவி கண்டார். அழிவு இல்லையேல் ஒரு செய்தி முடியுமுன் மற்றொன்று கலந்து குழம்பிவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. இருதயத்தைத் தளர்த்தும் அதே அசற்றைல்கோலீன் கைத்தசையைச் சுருங்கச் செய்கின்றது. காரணம், அதனைப் பெறும் கலத்திலுள்ள வாங்கிகள் வேறு வேறு. திறப்பு ஒன்றாயினும் பூட்டுக்குத் தக்கபடி திறக்கும் அறை வேறாகின்றது. மூளையிலும் டோப்பமீன் முதலிய பல பொருள்கள் இவ்வாறே தொழிற்படுகின்றன.

1936இல் தம் நண்பர் ஆங்கிலேயர் ஹென்றி டேலுடன் லோவி நோபல் பரிசைப் பெற்றார். இரண்டாண்டு கழியுமுன், 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. அன்றிரவே அவரைச் சிறைப்பிடித்தனர். இரு புதல்வரும் பிடிபட்டனர். கொல்லப்படுவோம் என்று அஞ்சிய அக்கிழவர் கேட்டது ஓர் அஞ்சலட்டையும் எழுதுகோலும். தம் கடைசிச் சோதனையின் முடிவை அதில் எழுதி, ஒரு விஞ்ஞானச் சஞ்சிகைக்கு அனுப்பும்படி காவலாளியை வேண்டினார். அனுப்பிய பின்னரே மனம் ஆறினார். இரண்டு மாதமளவிற் சிறையிருந்து, பரிசுப் பணத்தை நாஸிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்தே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. மனைவியாரை 1941 வரை விடவில்லை.

லண்டன், பிரசெல்ஸ், ஒக்ஸ்போட் என அலைந்து 1940இல் நியூயோர்க் சேர்ந்து, அங்குள்ள சர்வகலாசாலையிற் கற்பித்தார். மூளை, முண்ணாணுக் கலங்களிடையே மின்னே பாய்கின்றது என்று நெடுங்காலம் வாதிட்ட ஜோன் எக்கிள்ஸ், 1951இல் தம் சோதனையாலேயே தம் கொள்கையைக் கைவிட்டார். சில கலங்களிடையே மின் நேராகவும் செல்வதுண்டு. பெரும்பாலானவற்றில் இரசாயனமே தூது. லோவி 1961 டிசம்பர் 25ஆந் திகதி, தமது 88ஆவது வயதில், நியூயோர்க்கிலே காலமானார்.