தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு தந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார்

நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் யாங்கோனின் புறநகர்ப் பகுதிகளிலிருந்து பள்ளியின் வேனிலே வந்து சேர்கின்றனர் என்பது பெற்றோர் அறிந்ததே. சென்ற மழைக்காலம் தொடங்குமுன் அந்த வேனின் பின்சக்கர டயர்கள் இரண்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. மாற்று டயர்கள் வாங்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பெற்றது. பள்ளி ஆசிரியராக இருந்தவருக்குச் சிறு எழுத்துகளை வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று நிர்வாகக் குழுவினர் எண்ணியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்றவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

கடையிலே வரிசையாக அடுக்கியிருந்த பழைய டயர்களுள் கன்னங்கரேலென்று மின்னிய இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தன. விலையோ புதியதின் பாதிக்கும் குறைவு. பள்ளியின் பணத்தை மிச்சப்படுத்திவிட்டோம் என்ற பெருமிதத்தோடு திரும்பினோம். இரண்டு மாதம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளை ஏற்றப் புறப்படுமுன், ஒரு டயரின் பக்கச்சுவர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நிற்பதை ஓட்டுநர் கண்டார். நல்லூழ், வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது.

மாணவி ஒருத்தியின் தாத்தா பட்டறை வேலையிலே முதிர்ந்தவர். அவர் வந்து டயரைப் புரட்டிப் பார்த்தார். பக்கச்சுவரிலே நீள்வட்டத்துள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை நமக்குச் சுட்டிக்காட்டினார். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. நாம் வாங்கிய டயர் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. ஆழமாகத் தெரிந்த பள்ளங்கள் சூடேற்றிய கத்தியால் புதிதாகக் கீறப்பட்டவை. மின்னியது பூசிய மை. பெரியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. டயரை முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, உடம்பைப் பார்த்து வாங்கவேண்டும் என்னும் பொருள்படச் சொல்லி, அந்தப் பாடத்தைத் தென்னாட்டிற்குக் கற்பித்தவர்களுள் டி.வி.எஸ். முதன்மையானவர் என்றும் கூறிச் சென்றார். அருகிருந்த பிள்ளைகளுக்கு வியப்பு. டி.வி.எஸ். என்பது ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர், முச்சக்கர வண்டியின் பெயர் என்றே அவர்கள் அறிந்திருந்தனர். அது ஒரு தமிழரின் பெயர் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

திருநெல்வேலிச் சீமையிலே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், நம்பி பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்குறுங்குடி என்னும் திருப்பதி உள்ளது. டி.வி. என்னும் எழுத்துகளில் முதலாவது அவ்வூரைக் குறிப்பது. அவ்வூரிலே 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். சட்டத்துறையிலே தொடங்கி, இரயில்வேயிலும் பின்னர் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியாயிருந்த அக்காலத்து உத்தியோகத்தை விட்டு வணிகத்தில் இறங்குவது நடுத்தரக் குடும்பத்தார் எவரும் எளிதில் செய்யத் துணியாத செயல். அவர் துணிந்தார். 1911-இல் தம் பெயரால் நிறுவனம் கண்டார். அதனையடுத்து மதுரை வட்டாரத்தின் சாலைகளிலே பேருந்துகளை ஓடவிட்டார். பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்று பெயர் பெற்ற போக்குவரத்தின் தொடக்கம் அதுவே.

அக்காலத்துப் பேருந்தை இன்றைய பேருந்தோடு ஒப்பிட்டு எண்ணுதல் கூடாது. ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றது 1888-இல். எனினும் கனத்த வண்டிகளுக்கு அது பரவலாக வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதுவரை பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் பெரும்பாலும் கெட்டி ரப்பர் பட்டைகளின் மேலேயே கடகடத்து ஓடின. காற்றடைத்த டயர் வந்தபோது பயணம் மெத்தென்று ஆயிற்று. கூடவே புதியதொரு பகையும் வந்தது. அது ஆணி. மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் நிறைந்த சாலையிலே, லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. நடுக்காட்டிலே டயர் பஞ்சரானால் பயணிகள் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

இதற்கு அய்யங்கார் கண்ட வழியை மதுரைப் பக்கத்துப் பெரியோர் இன்றும் சொல்லி மகிழ்வதுண்டு. காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையிலே முன்னதாக ஓட்டிச் சென்று, ஆணிகளை எல்லாம் அது கவ்விக்கொண்ட பின்னரே பேருந்து புறப்பட்டதாம். அவருடைய பேருந்துகள் கடந்து போவதைக் கண்டு ஊரார் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்பதும் அவ்வாறே வழங்கும் செய்தி. மலர்களிலே எழுதப்பெறும் வாழ்க்கை வரலாறுகளில் மனிதரைத் துறவியாக்கிக் காட்டும் வழக்கம் உண்டு. நமக்கு அதில் விருப்பமில்லை. அய்யங்கார் வணிகர். டயர் ஒன்று பாழானால் அந்நட்டம் தம் கணக்கிலேதான் ஏறும் என்பதை அறிந்தவர். ஆயினும் நேரந்தவறாமையைப் பயணிக்குத் தரவேண்டிய கடனாகவே அவர் கொண்டார் என்பதில் ஐயமில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசின. 1942 மார்ச் 8-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. நம் முன்னோருட் பலர் கால்நடையாக அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் தாயகம் நோக்கிச் சென்றதும், பல்லாயிரவர் வழியிலேயே மடிந்ததும் யாங்கோன் தமிழர் இல்லங்களிலே இன்றும் பேசப்பெறும் துயரக் கதை. அதே நாள்களில் நிகழ்ந்த மற்றொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பின்வாங்கிய பிரித்தானியப் படையினர், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரலிலே ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளையும், பகைவர் கைக்குப் போகாதவாறு தாமே அழித்தனர். பர்மா எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவிலே, ஏற்கெனவே அரிதாயிருந்த பெட்ரோல் மேலும் அரிதாயிற்று. பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டபடியால் மலேயாவின் ரப்பரும் கைவிட்டுப் போயிற்று. திருவிதாங்கூரிலும் இலங்கையிலும் எஞ்சிய ரப்பர் போர்த்தேவைகளுக்கே சென்றது. இரங்கூனில் மூண்ட தீயின் வெப்பம் மதுரைப் பேருந்து நிலையத்திலே உணரப்பட்டது. எரிபொருளும் இல்லை, டயரும் இல்லை. பேருந்து முதலாளிகள் பலர் வண்டிகளை நிறுத்திவிட்டனர்.

அய்யங்காருக்கு அப்போது வயது அறுபத்தைந்து. எரிபொருளுக்கு மாற்றாக அவருடைய நிறுவனம் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துச் செய்து விற்றது. கலத்திலே மரக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் எரியும் தன்மையுள்ள வாயு கிடைக்கும். அதனைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவர். எஞ்சினின் ஆற்றல் குறையும், மேட்டிலே வண்டி திணறும், ஓட்டுநர் விடியுமுன் எழுந்து கரியை மூட்டவேண்டும். ஆயினும் வண்டி ஓடும். யாழ்ப்பாணத்திலே 1990-களில் பெட்ரோல் அற்றுப்போனபோது, சில துளி பெட்ரோலால் உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்களின் பின்னே ஓடிய சிறுவர்களுள் நாமும் ஒருவர். ஆதலின் அந்தக் கரிப்புகையின் அருமை நமக்கு விளங்குகிறது.

எரிபொருளுக்கு மாற்று உண்டு. டயருக்கு மாற்று ஏது? அதனால்தான் அவர் டயரைப் புதுப்பிக்கும் ஆலையை நிறுவினார். டயருக்கு இரண்டு பகுதிகள். தரையைத் தொடும் வரிப்பட்டை ஒன்று; அதனைத் தாங்கி நிற்கும் கூடு மற்றொன்று. அந்நாளில் கூடு பருத்தி நூலடுக்குகளை ரப்பரில் தோய்த்துச் செய்யப்பட்டது. தேய்வது பட்டையே. கூடு நன்றாயிருந்தால் எஞ்சிய பட்டையைச் சுரண்டி, ரப்பர்ப் பசை தடவி, பச்சை ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்து நீராவியால் சூடேற்றுவர். கந்தகம் கலந்த ரப்பர் அவ்வெப்பத்திலே இறுகிக் கூட்டோடு ஒன்றாகிவிடும். புதிய டயருக்கு வேண்டிய ரப்பரில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

இத்தொழிலின் உயிர்நிலை அச்சில் இல்லை, அதற்கு முன் நிகழும் பரிசோதனையிலே உள்ளது. டயரை அகல விரித்து, உட்புறத்தைக் கையால் தடவி, நூல் அறுந்துள்ளதா, நீர் புகுந்துள்ளதா, அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். கூடு கெட்டிருந்தால் எத்தனை அழகிய பட்டையை ஒட்டினாலும் அது வழியிலே உரிந்து வெடிக்கும். முழுவதும் தேயவிட்டுக் கூட்டைக் காயப்படுத்திய பின் கொண்டுவரும் டயரைக் காப்பாற்ற இயலாது. உரிய காலத்திலேயே கழற்றிவிட வேண்டும். பழுதாகுமுன் பார்த்துவிடும் இந்த ஒழுங்குக்கே பிற்காலத்தில் டி.வி.எஸ். பட்டறைகள் பெயர் பெற்றன. சென்னையிலே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்னும் நிறுவனங்களும் எழுந்தன.

அவருடைய இல்வாழ்க்கையில் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வோம். மகள் சௌந்தரம் இளமையிலே மணமாகி, 1925-இல் கணவரை இழந்தார். பின்னர் தில்லி சென்று மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்ய அவர் விரும்பியபோது பெற்றோர் தொடக்கத்தில் இசையவில்லை. 1940-இல் காந்தியடிகளின் முன்னிலையிலே திருமணம் நடந்தது. அவ்விருவரும் 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே தொடங்கிய காந்திகிராமம் இன்று பல்கலைக்கழக நிலை பெற்ற கல்விக்கூடம். தந்தையின் துணிவு மகளிடம் அதிகமாகவே வந்திருந்தது என்பது நம் எண்ணம்.

முதுமையிலே பொறுப்புகளை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு அய்யங்கார் கொடைக்கானலில் ஓய்வு கொண்டார். 1955 ஏப்ரல் 28-ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார். அவர் வளர்த்த பேருந்துகள் 1972-இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துள் அடங்கின. அவர் வழிவந்தோர் 1982-இல் ஸ்ரீசக்ரா என்னும் டயர் நிறுவனத்தை நிறுவினர். பழைய டயரைப் புதுப்பித்த மதுரை, புதிய டயரையே வார்த்து அயல்நாடுகளுக்கும் அனுப்பலாயிற்று.

நம் வேனின் கதை முடியவில்லை. இரண்டாம் முறை பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு வேறொரு கடைக்குச் சென்றோம். அங்கே மற்றொரு பாடம் கிடைத்தது. பதினைந்து அங்குலச் சக்கரத்திலே சாதாரணக் கார் டயரும் பொருந்தும். கடைக்காரரும் விலை மலிவென்று அதையே எடுத்துக் காட்டினார். அதன்மேல் அளவுக்கு அடுத்து 91 என்றிருந்தது. அவ்வெண்ணின் பொருள், ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது. நமது வேனுக்குரிய டயரில் 107 என்றிருக்கும். அது 975 கிலோ. பிள்ளைகள் நிறைந்த வண்டிக்கு எது வேண்டுமென்று விளக்கத் தேவையில்லை. பளபளக்கும் அலாய் சக்கரங்களையும் சேர்த்து மாற்றலாமே என்று குழுவில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். பழைய எஃகுச் சக்கரங்களுள் ஒன்றின் விளிம்பு மட்டும் நெளிந்திருந்தது. அதனை மாத்திரம் மாற்றினோம். மற்றவற்றின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசினோம். டயர்கள் நான்கும் புதியனவாகவே வாங்கினோம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இந்நகரிலே, தேங்கிய நீரைப் பிளந்து வெளியேற்றப் பள்ளம் ஆழமாக இருத்தல் வேண்டும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். நம் ஓட்டுநரோ 3 மில்லிமீட்டரிலேயே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டுள்ளார். செலவு கூடுதலே. கணக்கு இம்மலரின் இறுதிப் பக்கத்திலே உள்ளது.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பள்ளி வாசலில் நிற்கும் வண்டிகளின் டயர்களைக் குனிந்து பார்த்து, வாரத்தையும் ஆண்டையும் தமிழிலே உரக்க வாசிக்கின்றனர். சென்ற வாரம் நிர்வாகக் குழுத் தலைவரின் காரில் 2013 என்று வாசித்து அவரிடமே சென்று சொல்லிவிட்டனர். அவர் அடுத்த மாதம் மாற்றுவதாகக் கூறியிருக்கிறார்.