மரம் ஏற விட்ட மகாகவி

மரத்தில் ஏறினால் விழுந்துவிடுவான், மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும், செருப்பில்லாமல் நடந்தால் முள் குத்தும் என்று பிள்ளைகளைத் தடுக்காத பெற்றோர் இல்லை. ஊர்விட்டு வந்து மாடி வீடுகளில் குடியிருப்போருக்கு இந்தப் பயம் சற்று அதிகம். கதவைச் சாத்தி, பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டால்தான் நிம்மதி.

அப்படிக் கதவுக்குள் அடைக்கப்பட்டு வளர்ந்த ஒரு சிறுவன், பெரியவனான பிறகு மற்றப் பிள்ளைகளுக்காகக் கதவும் சுவரும் இல்லாத பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டினார். அவர்தான் நமக்குத் தேசிய கீதம் தந்த மகாகவி ரவீந்திரநாத் தாகூர். அவருடைய கவிதைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளை அவர் எப்படி வளரவிட்டார் என்பதும் அறியத்தக்க வரலாறு.

வட்டத்துக்குள் சிறை

தாகூர் 1861-ம் ஆண்டு மே 7-ந்தேதி கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற பகுதியில் இருந்த பெரிய மாளிகையில் பிறந்தார். தந்தை மகரிஷி தேவேந்திரநாத். தாயார் சாரதா தேவி. பெற்றோருக்கு அவர் 14-வது குழந்தை. தந்தை பெரும்பாலும் யாத்திரையில் இருப்பார். தாயார் உடல்நலம் குன்றியவர். எனவே சிறுவன் ரவி வேலைக்காரர்களின் பொறுப்பில் வளர்ந்தான்.

ஷியாம் என்றொரு வேலைக்காரன் இருந்தான். ஓடியாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவனுக்குத் தொல்லையாக இருந்தது. அதற்கு ஓர் உபாயம் கண்டான். ரவியை ஓரிடத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவான். கோட்டைத் தாண்டினால் பெரும் ஆபத்து வரும் என்று விரலை உயர்த்தி எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டியதால் சீதை பட்ட பாடு ரவிக்குத் தெரியும். ஆகவே அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு குளம். அதன் கரையில் ஒரு பெரிய ஆலமரம். குளிக்க வருகிறவர்களையும், நீரில் மூழ்கி இரை தேடும் வாத்துகளையும், ஆலமரத்து விழுதுகளையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கலாம்; தொட முடியாது.

ஆனாலும் பிள்ளை மனம் சும்மா இருக்குமா? தாழ்வாரத்து மூலையில் சேர்ந்த தூசியில் சீத்தாப்பழ விதையைப் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினான். படிக்கும் அறையின் மூலையில் கல்லும் மண்ணும் கொண்டுவந்து சிறிய மலை ஒன்றைக் கட்டினான். பெரியவர்கள் கண்ணில் பட்டதும் மலை போன இடம் தெரியவில்லை.

பள்ளிக்கூடமும் அவனுக்கு இன்னொரு வட்டமாகவே இருந்தது. ஒன்று மாற்றி ஒன்றாக நான்கு பள்ளிகளில் சேர்த்தார்கள். எதிலும் அவன் தரிக்கவில்லை.

முதல் ரெயில் பயணம்

1873-ம் ஆண்டு தொடக்கத்தில் ரவிக்குப் பூணூல் கல்யாணம் நடந்தது. மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனால் மற்றப் பையன்கள் கேலி செய்வார்களே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனைத் தந்தை கூப்பிட்டார். இமயமலைக்குத் தம்முடன் வருகிறாயா என்று கேட்டார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ரவியின் அக்காள் மகன் சத்யா ரெயிலில் போய் வந்திருந்தான். ரெயிலில் ஏறுவது உயிருக்கு ஆபத்தான காரியம், கால் தவறினால் தொலைந்தோம், உட்கார்ந்த பிறகும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் தூக்கி எறிந்துவிடும் என்றெல்லாம் அவன் அளந்து வைத்திருந்தான். ரவி நடுங்கிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனான். ஆனால் வண்டியில் ஏறுவது மிகச் சுலபமாக இருந்தது. ஓர் ஆபத்தும் நேராமல் வண்டி புறப்பட்டதில் அவனுக்கு ஏமாற்றம்கூட ஏற்பட்டதாம். குழந்தைகளுக்கு ஆபத்தின் மீது அச்சம் மட்டுமல்ல, ஆசையும் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முதலில் இறங்கிய இடம் போல்பூர். அங்கே தந்தை 1863-ல் 20 பிகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சாந்திநிகேதன் என்று பெயரிட்டு ஒரு வீடு கட்டியிருந்தார். வண்டி சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. பல்லக்கில் ஏறியதும் ரவி கண்களை மூடிக்கொண்டான். அரை வெளிச்சத்தில் பார்த்துக் காலைக் காட்சியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவன் எண்ணம்.

கூழாங்கல்லும் தங்கக் கடிகாரமும்

விடிந்தபின் பார்த்தால் எங்கும் திறந்த வெளி. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள். அவற்றுக்குள் குட்டி மலைகள், குட்டி ஆறுகள். வங்காளத்தில் இதைக் கோவாய் என்பார்கள். பையன் காலையில் போனால் சட்டை மடி நிறைய விதவிதமான கற்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவான். தந்தை அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வியந்து பாராட்டினார். அங்கே குளம் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்கள். வெட்டிய மண் ஒரு மேடாகக் குவிந்திருந்தது. அந்த மேட்டில் அமர்ந்துதான் அவர் காலைப் பிரார்த்தனை செய்வார். அந்தக் கற்களைக் கொண்டுவந்து அதை அலங்கரிக்கும்படி மகனிடம் சொன்னார். கல்கத்தா வீட்டில் இடிக்கப்பட்ட மலை இங்கே பூஜைக்குரிய மேடாயிற்று.

ஒரு நாள் பள்ளத்தில் ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்து வந்து சொன்னான் ரவி. குளிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீரையே கொண்டுவரத் தந்தை ஏற்பாடு செய்துவிட்டார்.

சில்லறைப் பணத்தைக் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். விலையுயர்ந்த தமது தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தார். பையன் காட்டிய உற்சாகத்தில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குப் போயிற்று. கடிகாரம் கெட்டுப்போகலாம் என்பது தந்தைக்கு முன்பே தெரியாததல்ல. தெரிந்தேதான் கொடுத்தார்.

அங்கிருந்து மேற்கே போகும் வழியில் ஒரு பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பையனை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொருவரும் வந்து பார்த்தார். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்துவிட்டார். ரவிக்கு 12 வயது நிறையவில்லை. அரை டிக்கெட் சரிதான். வயதுக்கு மீறிய வளர்த்தி, அதனால் சந்தேகம். முழுக் கட்டணம் கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். தேவேந்திரநாத் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை வந்ததும் அதைப் பிளாட்பாரத்தில் வீசிவிட்டார். காசுக்காகத் தாம் பொய் சொல்வதாக ஒருவர் நினைத்ததை அவரால் தாங்க முடியவில்லை. மகன் இதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மலைச் சரிவில் தனியாக

அமிர்தசரசில் ஒரு மாதம் தங்கிவிட்டு, டல்ஹௌசி மலையில் பக்ரோட்டா என்ற சிகரத்தில் இருந்த வீட்டுக்குப் போனார்கள். வெயில் படாத சரிவுகளில் பனி இன்னும் உருகவில்லை. வீட்டுக்குக் கீழே தேவதாரு மரங்கள் அடர்ந்த காடு. நுனியில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி ஒன்றை எடுத்துக்கொண்டு, 12 வயதுப் பையன் அந்தக் காட்டில் தனியே சுற்றுவான். தந்தை தடுக்கவே இல்லை.

இது பொறுப்பற்ற தன்மை என்று நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் எழுப்பிச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். குளிர்ந்த நீரில் குளிக்க வைத்தார். மாலையில் நட்சத்திரங்களைக் காட்டி வானசாஸ்திரம் கற்பித்தார். நேரம் தவறக் கூடாது, கணக்கு தவறக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். ஆனால் மகன் தவறு செய்துவிடுவானோ, தடுக்கி விழுந்துவிடுவானோ என்று அஞ்சி அவன் காலைக் கட்டவில்லை. ஊர் திரும்பியபோது ரவி பழைய பையனாக இல்லை. வேலைக்காரர்களின் ஆட்சி அத்தோடு முடிந்தது.

மரத்தடிப் பள்ளி

தாகூர் பெரியவராகி, குடும்பத்தின் பண்ணை நிலங்களைக் கவனிக்கப் பத்மா நதிக்கரையில் ஷிலைதஹாவில் குடியிருந்தார். தம் பிள்ளைகளை அங்கே பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் விடுமுறை நாட்களில் அங்கே வருவார். மணலில் ஆமையின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து முட்டை புதைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, மூத்த மகன் ரதீந்திரநாத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

1901-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் ரதீந்திரநாத். பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது.

வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. மழை வந்தால் வகுப்பு கலையும். பிள்ளைகள் நனைந்து ஆடுவார்கள். கோவாய்ப் பள்ளங்களில் ஓடுவார்கள். வெறுங்காலோடு நடப்பார்கள். மண்ணைக் கால் அறிவதும் ஒரு படிப்பு, அதை இயற்கை இலவசமாகத் தருகிறது என்பது தாகூரின் கருத்து. ஜகதானந்த ராய் என்ற விஞ்ஞான ஆசிரியர் இரவில் நட்சத்திரங்களைக் காட்டுவார்.

ஒரு முறை, கண்டிப்புக்குப் பெயர் பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். ஒரு பையன் மரத்தில் ஏறிக் கிளைக் கவட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். வந்தவர் முகம் சுளித்தார். மரக்கிளையா, நாற்காலியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்குக் குழந்தைப் பருவத்தில் மட்டுமே உண்டு, பெரியவனாகிய தமக்கு அது இல்லை என்பதற்காகப் பையனிடமிருந்து அதை ஏன் பறிக்க வேண்டும் என்ற பொருளில் தாகூர் பதில் சொன்னார்.

இங்கும் ஒழுங்கு இல்லாமல் இல்லை. விடியுமுன் மணி அடிக்கும். படுக்கையைச் சுருட்டுவது, அறையைப் பெருக்குவது, குளிப்பது, சிறிது நேரம் மௌனமாகத் தியானத்தில் அமர்வது எல்லாம் பிள்ளைகளே செய்ய வேண்டும். குற்றம் செய்தவனை விசாரிப்பதும் மாணவர் சபைதான்.

அடிமேல் அடி

பள்ளி தொடங்கி ஓராண்டு முடியுமுன், 1902 நவம்பரில் மிருணாளினி தேவி காலமானார். 1903-ல் மகள் ரேணுகா மறைந்தாள். 1904-ல் சதீஷ் சந்திர ராய் என்ற இளம் ஆசிரியர் சாந்திநிகேதனிலேயே பெரியம்மைக்குப் பலியானார். பள்ளியைச் சில காலம் ஷிலைதஹாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1905-ல் தந்தை போனார்.

கடைசி மகன் சமீந்திரநாத் அந்தப் பள்ளியின் செல்லப்பிள்ளை. 1907-ன் தொடக்கத்தில் பருவங்களை வரவேற்கும் விழா ஒன்றைத் தோழர்களோடு சேர்ந்து கொண்டாடினான். இன்று சாந்திநிகேதனில் புகழ்பெற்ற வசந்த விழாவுக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். அதே ஆண்டு நவம்பரில் விடுமுறைக்கு முங்கேருக்குப் போன இடத்தில் காலரா கண்டு இறந்தான். வயது 11. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், அதே நவம்பர் 23-ந்தேதிதான் தாயார் இறந்திருந்தார்.

இத்தனை பறிகொடுத்த ஒரு தகப்பன், போதும் என்று எஞ்சிய பிள்ளைகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தாகூர் அப்படிச் செய்யவில்லை. பள்ளி மரத்தடியிலேயே நடந்தது. நோயும் மரணமும் மூடிய மாளிகைக்குள்ளும் வரும். அதற்காகக் குழந்தையின் காலைக் கட்டிப்போடுவது பாதுகாப்பு ஆகாது என்பதை அவர் தம் நடத்தையால் காட்டினார்.

தொடரும் மரநிழல்

1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தின் பயனும் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தது. 1921-ல் விசுவபாரதி உருவாயிற்று. ஆனால் பெற்றோர்கள் பரீட்சையும் பட்டமும் கேட்டார்கள். தம் பள்ளியும் மற்றப் பள்ளிகளைப் போல ஆகிவருகிறதே என்று தாகூர் வருந்தினார். 1924-ல் ஏழை கிராமச் சிறுவர்களுக்காகச் சிட்சாசத்ரா என்ற தனிப்பள்ளி ஏற்படுத்தினார். அங்கே தோட்டமும் கைத்தொழிலுமே முதல் பாடம். 1928-ல் மரம் நடு விழாவைத் தொடங்கினார்.

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அந்த மரத்தடியில் படித்தவர். 1951-ல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2023-ல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாடபவனத்து வகுப்புகள் இன்றும் மரநிழலில் நடக்கின்றன. சின்னஞ்சிறு குழந்தைகள் படிக்கும் ஆனந்த பாடசாலைக்கு மிருணாளினி தேவியின் பெயர் இட்டிருக்கிறார்கள்.

1941-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி, நோயுற்ற தாகூரைப் போல்பூரிலிருந்து தனிப்பெட்டியில் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆகஸ்டு 7-ந்தேதி, தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் அவர் காலமானார். அவருக்கு வயது 80.

பிள்ளையைக் கண்காணிக்க வேண்டியது பெற்றோர் கடமைதான். அதை ஷியாம் செய்த விதமும் உண்டு. தேவேந்திரநாத் செய்த விதமும் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நம் பிள்ளை ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்து ஏற முயன்றால், இறங்கச் சொல்லுமுன் அருகில் போய் நின்று சற்றுப் பார்க்கலாம்.