கண்ணகி அன்னையான கதை

கடப்பையிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை புத்தூரைக் கடந்துதான் வருகிறது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் உறவாடும் ஊர் அது. அக்கடப்பையில் 1911-இல் பிறந்து, இரு மொழித் திரையிலும் அரசியாக வீற்றிருந்தவர் பி. கண்ணாம்பா.

அவர் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் 1942-இல் வந்த ‘கண்ணகி’யில் இளங்கோவனின் வசனத்தை அவர் முழங்கியபோது, தமிழகம் அவரைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டது. கணவர் நாகபூஷணத்தோடு இணைந்து படநிறுவனமும் நடத்தினார்.

‘கண்ணகி’க்கு முந்திய ஆண்டு வந்தது ‘அசோக்குமார்’. அசோகராகச் சித்தூர் நாகையா. கணவனின் மகனையே விரும்பும் இளைய அரசியாகக் கண்ணாம்பா. மகனாக நடித்த தியாகராஜ பாகவதரோ அவரைவிட ஓராண்டு மூத்தவர்! அப்படத்தில் சிறு வேடம் ஏற்றிருந்தார் எம். ஜி. ஆர்.

நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவலனாக நடித்த பி. யு. சின்னப்பா பிறந்தது 1916, எம். ஜி. ஆர். பிறந்தது 1917. சின்னப்பாவுக்கு மனைவியாக நடித்த அதே கண்ணாம்பா, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தில் எம். ஜி. ஆருக்குத் தாயானார்! 1961-இல் ‘தாய் சொல்லைத் தட்டாதே’ வந்தபோது மகனுக்கு வயது 44, தாய்க்கு 50, காதலியாக நடித்த சரோஜாதேவிக்கு 23. காலம் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே ஓடியது? மூப்பு மட்டும் ஏன் பெண்ணின் வாசலிலேயே வந்து நின்றது?

இது தனி ஒருவர் செய்த குற்றமன்று. படம் எடுத்தவர்களும் கைதட்டிய நாமும் சேர்ந்து வகுத்த வழக்கம்.

அந்த வழக்கத்துக்குள்ளும் கண்ணாம்பா சிறுத்துவிடவில்லை. 1954-இல் வந்த ‘மனோகரா’வை நினைத்துப் பாருங்கள். வீறுகொண்ட மகனை ஒரு சொல்லால் அடக்கியவளும் அவளே. பொறுமை எல்லை கடந்தபோது, விலங்கை உடைத்தெறிய ஆணையிட்டவளும் அவளே. சிவாஜி கணேசனின் சிம்மக் குரலுக்கு எதிரே அவர் குரல் தாழவில்லை. கதையின் அச்சாணியே அந்த அன்னைதான்.

1964 மே 7-ஆம் நாள் கண்ணாம்பா மறைந்தார். தாய் என்று போற்றினோம். அப்போற்றுதலையே வேலியாகவும் கட்டினோம்.

நாளை கதை எழுதவும் படம் எடுக்கவும் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். ஐம்பது வயதுப் பெண்ணை எழுத அமரும்போது, அவள் யாருக்குத் தாய் என்று கேட்குமுன், அவள் யார் என்று கேளுங்கள். கண்ணாம்பாவுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.