எம்.ஜி.ஆர். படமாக்க ஆசைப்பட்ட கதை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள காடு இது. இங்கே மரங்கள் தண்ணீரிலேயே நிற்கின்றன. சுரபுன்னை மரங்களின் வேர்கள் விழுது போல நீரில் இறங்கி நிற்கும். உள்ளே போக வேண்டுமானால் படகு வேண்டும்.

1975-ம் ஆண்டு வெளிவந்த "இதயக்கனி" படத்தின் காட்சிகளை இந்தக் காட்டில் எடுத்தார்கள். கதாநாயகன், எம்.ஜி.ஆர். அப்போது அவருக்கு வயது 58!

சண்டைப் படம் பார்த்து மகிழ்ந்தவர்கள், அடுத்து என்ன பார்க்கலாம் என்று தேடுவார்கள். எம்.ஜி.ஆரின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். பார்க்க வேண்டிய படங்கள் மட்டுமா? படிக்க வேண்டிய புத்தகங்களும் அதில் வருகின்றன.

பசி தடுத்த படிப்பு

எம்.ஜி.ஆர். 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, இலங்கையில் கண்டிக்கு அருகே பிறந்தார். தகப்பனார் பெயர் கோபால மேனன். தாயார் சத்தியபாமா.

பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்பே தகப்பனார் இறந்து போனார். தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. ஒரு வேளைச் சோறே பெரும் பாடு.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். பாட்டும் வசனமும் அங்கேதான் படித்தார்கள். நாடகக் கொட்டகைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்!

பதினொரு ஆண்டுகள்

1936-ல் "சதி லீலாவதி" படத்தில் எம்.ஜி.ஆருக்குச் சின்ன வேடம் கிடைத்தது. போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்தார். அந்தப் படத்தின் கதை, எஸ்.எஸ்.வாசன் எழுதிய நாவல்.

அதன் பிறகு கதாநாயகன் ஆவதற்கு அவர் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார். 1947-ல் வந்த "ராஜகுமாரி" படம்தான் அந்த வாய்ப்பைக் கொடுத்தது.

புத்தகத்தில் இருந்து வந்த வீரர்கள்

எம்.ஜி.ஆர். நடித்த வீரர்களில் பலர், ஏற்கனவே புத்தகத்தில் பிறந்தவர்கள்.

1954-ல் "மலைக்கள்ளன்" வந்தது. மலையில் வாழ்ந்து, ஏழைகளுக்கு உதவும் கள்ளனின் கதை. எழுதியவர், நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. இந்தப் படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" வந்தது. இது அரபு நாட்டுக் கதை. தமிழில் முழு நீள வண்ணப் படம் முதலில் வந்தது இதுதான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது.

1958-ல் எம்.ஜி.ஆர். தாமே பணம் போட்டு, தாமே டைரக்ட் செய்து "நாடோடி மன்னன்" எடுத்தார். அரசனைப் போலவே முகம் கொண்ட ஒருவன், அரசன் இடத்தில் அமரும் கதை. இந்தக் கருத்து, ஆந்தனி ஹோப் என்ற ஆங்கிலேயர் 1894-ல் எழுதிய நாவலில் உள்ளது. படம் தோற்றிருந்தால் எம்.ஜி.ஆரின் கையிருப்பு எல்லாம் போயிருக்கும். படம் பெரும் வெற்றி பெற்றது.

"இதயக்கனி" பிடித்தவர்கள், கடல் கொள்ளைக்காரர்கள் வரும் "ஆயிரத்தில் ஒருவன்" படத்தையும் பார்க்க வேண்டும். 1965-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம். ஒரு வைத்தியர் அடிமையாக விற்கப்படுகிறார். விடுதலைக்காக வாள் எடுக்கிறார். கடல் காட்சிகளைக் கார்வார் கடலோரத்தில் எடுத்தார்கள்.

சீர்காழியில் விபத்து

எம்.ஜி.ஆர். ஒரு கதையைப் படமாக்க மிகவும் ஆசைப்பட்டார். அதுதான் கல்கி எழுதிய "பொன்னியின் செல்வன்". 1950 முதல் 1954 வரை "கல்கி" இதழில் தொடர்கதையாக வந்து, வீடுதோறும் படிக்கப்பட்ட கதை.

1958-ல் எம்.ஜி.ஆர். இதன் பட உரிமையை வாங்கினார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் ஆகியோர் நடிப்பதாக இருந்தது.

அடுத்த ஆண்டு, கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள சீர்காழியில், "இன்பக்கனவு" நாடகத்தில் நடித்தார். மேடையில் நடந்த விபத்தில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. பல மாதம் ஓய்வில் இருக்க நேர்ந்தது. பிறகு எழுந்து வந்து எத்தனையோ படங்களில் சண்டை போட்டார். ஆனால் பொன்னியின் செல்வன் கைகூடவே இல்லை.

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி அவர் துப்பாக்கியால் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் குரல் மாறிவிட்டது. மாறிய குரலிலேயே தொடர்ந்து நடித்தார். "இதயக்கனி"யில் கேட்பதும் அந்தக் குரல்தான்.

பிள்ளைகளுக்குச் சோறு

1977-ல் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர் ஆனார். 1981-ல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1982-ல், காமராஜர் காலத்து மதிய உணவை விரிவாக்கிச் சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தார். பசியால் படிப்பை விட்ட பையன், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

1987-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி எம்.ஜி.ஆர். காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. "நான் ஏன் பிறந்தேன்" என்ற பெயரில் அவர் ஆனந்த விகடனில் எழுதிய வாழ்க்கை வரலாறு, புத்தகமாகவும் வந்திருக்கிறது.

பக்கத்திலேயே தொடங்கும் கதை

பொன்னியின் செல்வன் கதையை டைரக்டர் மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகப் படமாக்கினார். ஆனால் கல்கியின் கதை ஐந்து பாகம். சினிமாவில் வராத பல சம்பவங்கள் புத்தகத்தில் இருக்கின்றன.

அந்தக் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? வீராணம் ஏரிக்கரையில்! ஆடிப்பெருக்கு நாளில், வந்தியத்தேவன் குதிரை மேல் அந்தக் கரையோடு வருகிறான். அந்த ஏரி, சிதம்பரத்துக்கு மேற்கே, காட்டுமன்னார்கோவில் பக்கம் இன்றும் இருக்கிறது.

பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டு, மறுநாள் வீராணம் கரைக்கும் போய் வரலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் அஞ்ச வேண்டாம். கதை சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருக்கிறது. வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். தினம் ஓர் அத்தியாயம் போதும்.